மேலேயிருந்து எடுத்த கல்யாணம்

என் தங்கை அஃப்னாவின் கல்யாணத்தில் பெண்கள் பக்கம் கேமராவே வரக்கூடாது என்று உம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். உம்மாவின் பெயர் சம்சுன்னிசா. அவர் ஒன்று சொல்லிவிட்டால் எங்கள் வீட்டில் மேல்முறையீடு கிடையாது. மாப்பிள்ளை வீட்டாருக்கோ காயல்பட்டினத்தில் நாலு தெரு நிறையச் சொந்தம். விசா, டிக்கெட் என்று ஏதேதோ காரணத்தால் அவர்களில் பாதிப் பேருக்கு மேல் வரமுடியவில்லை. ஊருக்கு அனுப்ப ஒரு வீடியோவாவது வேண்டும் என்று மாப்பிள்ளை ஸைஃபின் உம்மா ஒற்றைக் காலில் நின்றார். இரண்டு சம்பந்தியம்மாக்களும் போனில் பேசிப் பேசியே கல்யாணம் நடக்குமா நடக்காதா என்கிற அளவுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள்.

அப்போதுதான் என் தம்பி முஆத் அந்த யோசனையைச் சொன்னான்.

"மேலருந்து எடுத்தா யார் மொகமும் தெரியாது உம்மா. தலை மட்டுந்தான் தெரியும். ட்ரோன் வச்சு எடுத்துடலாம்."

உம்மா அரை நாள் யோசித்தார். "எல்லாரும் முக்காடு போட்டிருக்கணும்" என்றார். சம்மதம் என்று அர்த்தம். மாப்பிள்ளை வீட்டாருக்கும் சந்தோஷம்தான். முகம் தெரியாவிட்டால் என்ன, கூட்டம் எவ்வளவு என்று தெரியுமல்லவா!

முஆத் சாங்கி விமான நிலையத்தில், சரக்குப் பிரிவில் வேலை பார்க்கிறவன். விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ட்ரோன் பறக்கவிடக் கூடாது என்று அவனுக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். நாங்கள் விருந்துக்கு எடுத்திருந்ததோ சாங்கிக் கடற்கரை ஓரத்தில் ஒரு விடுதித் திடல். "தென்ன மரத்து ஒசரத்துக்கு மேல போகாது ராத்தா. ஊர்வலத்த மட்டும் எடுத்துட்டு எறக்கிடுவேன்" என்று அக்காவான என்னிடம் சொன்னான். நானும் சரி என்றேன். கல்யாண வீட்டில் யார் சட்டப் புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்காருகிறார்கள்?

கொம்பாங் மேளத்தோடு மாப்பிள்ளை வந்து இறங்கும்போது ட்ரோன் ங்ஙொய் என்று மேலே ஏறியது. ஐந்நூறு அறுநூறு பேர் அண்ணாந்து பார்த்தார்கள். ஆளும் பாய்மரக் கட்சியின் வட்டாரத் தொண்டரும் வாப்பாவின் பல வருஷச் சிநேகிதருமான ரத்னவேல் அண்ணன், பிரியாணித் தட்டைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையையும் ஆட்டினார். விளக்குக் கட்சியின் வேட்பாளர் ஷங்கரும் வந்திருந்தார். தேர்தல் நேரம், கல்யாணம் என்றால் வேட்பாளர் வராமல் இருப்பாரா? அவரும் கையை ஆட்டினார். மேலேயும் வாக்காளர்கள் இருக்கலாம் என்று நினைத்தாரோ என்னவோ.

அந்த நேரம் பார்த்துக் கடல்காற்று ஒரு தள்ளு தள்ளியது. முஆத் கையிலிருந்த ரிமோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். சவுக்கு மரங்களுக்கு மேலே ஏறி, சாலையைத் தாண்டி, வேலியையும் தாண்டி அது போயே போய்விட்டது.

வேறு நாளாக இருந்திருந்தால் ஒரு பெரிய அபராதத்தோடும், வாப்பாவின் நாலு வசவோடும் முடிந்திருக்கும். ஆனால் அதற்குக் கொஞ்ச நாள் முன்னால்தான் நீரிணையில் ஓர் எண்ணெய்க் கப்பலை யாரோ ட்ரோன் விட்டுத் தாக்கியிருந்தார்கள். யார் என்று இன்றுவரை தெரியாது. சனங்கள் பயந்துபோய்ப் பேரங்காடிகளில் அரிசியையும் முட்டையையும் அள்ளிக்கொண்டிருந்த நேரம். அதன் நடுவில் தேர்தல் வேறு. நாங்கள் விருந்தினருக்கு ஃபலூடா பரிமாறிக்கொண்டிருக்கும்போதே எல்லார் போனும் ஒரே சமயத்தில் கத்தியது. ஓடுபாதையில் அடையாளம் தெரியாத ட்ரோன், ஓடுபாதை மூடப்பட்டது, விமானங்கள் திருப்பி அனுப்பப்படுகின்றன.

முஆத்தின் முகம் வெளுத்துவிட்டது. ஆனால் பையன் ஓடவில்லை, ஒளியவில்லை. "நானே போய்ச் சொல்லிடறேன் வாப்பா. நம்ம கேமராதானே, சொன்னா புரிஞ்சுக்குவாங்க" என்றான். கல்யாணத்துக்குப் போட்ட ஷெர்வானியோடு, அத்தர் வாசனையோடு டாக்சி ஏறிப் போனான். வாப்பாவுக்கு அதில் பெருமைகூட. "நம்ம புள்ள உண்மையப் பேசுறவன்" என்று வந்தவர்களிடமெல்லாம் சொன்னார். முஆத் அன்று வீட்டுக்கு வரவில்லை. மறுநாளும் வரவில்லை.

வீட்டுக்கு வந்த அதிகாரிகள் மரியாதையாகத்தான் பேசினார்கள். ட்ரோனிலிருந்து எடுத்த வீடியோவை ஒரு டேப்லட்டில் காட்டி, இதில் இருப்பவர்கள் யார் யார் என்று கேட்டார்கள். நான் குனிந்து பார்த்தேன். முக்காடு, தொப்பி, முக்காடு, குடை, வழுக்கை. ஒரு முகம் கிடையாது. "சார், இது கல்யாணம். அறுநூறு பேர் இருந்தாங்க. யார வேணும்னாலும் கூப்பிட்டுக் கேளுங்க" என்றேன். குறித்துக்கொண்டார்கள். விசாரணை நடப்பதால் வெளியில் பேச வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். உம்மா தலையில் அடித்துக்கொண்டார். "மொகம் தெரியற மாதிரியே எடுத்துத் தொலைங்கடான்னு விட்டிருக்கலாமே. பாவி நான்" என்று அழுதார். அவர் அழுது நான் பார்த்தது குறைவு.

அடுத்த நாளே மேடைகள் பற்றிக்கொண்டன. 'ஓடுபாதையைக் காத்தவர்களுக்கே உங்கள் ஓட்டு' என்று பாய்மரக் கட்சி நோட்டீஸ் அடித்தது. 'நம் வானம் திறந்து கிடக்கிறது, விழித்துக்கொள்ளுங்கள்' என்று விளக்குக் கட்சி அடித்தது. நிலைமையின் தீவிரத்தைக் குறைத்துப் பேச இரண்டு பேருக்குமே வாய் வரவில்லை. எங்களுக்கு வேண்டியதோ ஒரே ஒரு வாக்கியம். அது கல்யாணக் கேமரா. இதைப் பொதுவில் யாராவது ஒருவர் சொல்லிவிட்டால் போதும், தம்பி வீட்டுக்கு வந்துவிடுவான், அவன் வேலையும் பெயரும் தப்பித்துவிடும் என்று நம்பினோம்.

டன்லப் ஸ்திரீட்டில் வாப்பா அப்துல் கஃபார் துணிக்கடை வைத்திருக்கிறார். நானும் அங்கேதான். ரத்னவேல் அண்ணன் பிரசாரத்துக்குப் போகும் வழியில் கடைக்குள் வந்தார். வெள்ளைத் தொப்பி, வேர்வை. வாப்பா அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ரத்னா, நீ அங்கதானே இருந்தே."

"இருந்தேன் பாய். எனக்குத் தெரியாதா?"

"அதத்தான் சொல்லச் சொல்றேன். உங்க ஆளுங்ககிட்ட சொல்லு. மேடையில சொல்லச் சொல்லு."

"மேல சொல்லிட்டேன் பாய். சொல்லாம இருப்பேனா?"

"என்ன சொன்னாங்க?"

ரத்னவேல் அண்ணன் தொப்பியைக் கழற்றித் துடைத்தார். "தேங்க்ஸ் ரத்னான்னாங்க."

நான் சிரித்துவிட்டேன். சிரிப்பு இல்லை அது. அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. "பாய், இப்பப் போயி அது கல்யாணக் கேமரான்னு சொன்னா, இதுக்கா ஏர்போர்ட்ட மூடுனீங்க, இதுக்கா இவ்ளோ நோட்டீஸுன்னு ஜனங்க சிரிப்பாங்க லா. எலெக்‌ஷன் முடியட்டும். முடிஞ்ச மறுநாள் நானே முன்னாடி நின்னு அவன வெளிய கொண்டுவரேன்."

"அதுவரைக்கும் அவன் உள்ள கெடக்கணுமா அண்ணே, உங்க மேடையில பேச்சு தீராம இருக்க?" என்றேன்.

"கோவிக்காதேம்மா. எனக்கும் தூக்கமில்ல."

தூக்கமில்லாமல் இருந்திருக்கும், அதை நான் நம்புகிறேன். நல்ல மனுஷர்தான். ஆனால் போகும்போது மேசைமேல் ஒரு கட்டு நோட்டீஸை வைத்துவிட்டுப் போனார். பழக்கதோஷம்.

சரி, ஒருத்தர் இல்லாவிட்டால் இன்னொருத்தர் என்று நான் ஷங்கரிடம் போனேன். அவர் வக்கீலும்கூட. சிராங்கூன் ரோட்டில் ஒரு நகைக்கடைக்கு மேலே அலுவலகம். என்னைப் பார்த்ததும் எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். கல்யாணச் சாப்பாட்டைப் புகழ்ந்தார். முஆத்தின் வேலை என்ன, எந்தப் பிரிவு, என்ன பாஸ் வைத்திருக்கிறான், ட்ரோன் எந்தக் கடையில் வாங்கியது, எல்லாம் கேட்டார். நானும் ஒன்று விடாமல் சொன்னேன். அவர் கேட்ட விதத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது. இத்தனை நாளில் ஒருவர் அக்கறையாகக் கேட்கிறாரே என்று.

"இன்னைக்கு சாயங்காலம் செங்காங்ல கூட்டம் இருக்கு சிஸ்டர். வாங்க. நான் பேசறேன்" என்றார்.

வாப்பாவை அழைத்துக்கொண்டு போனேன். ஊதா நிறப் பாதையில் ரயிலேறி செங்காங்கில் இறங்கியபோது திடல் நிறைந்திருந்தது. வாப்பா சலவைச் சட்டை போட்டு வந்திருந்தார். நல்ல செய்தி கேட்கப் போகிறவர் அப்படித்தான் வருவார். ஷங்கர் முதலில் ஆங்கிலத்தில் பேசினார். பிறகு தமிழுக்கு மாறினார்.

"அன்பார்ந்த மக்களே! ஓடுபாதைக்குள் ட்ரோன் விட்டது வெளிநாட்டு உளவாளி அல்ல. ஒரு சாதாரண இளைஞர். விமான நிலையத்திலேயே வேலை பார்ப்பவர். கையில் அனுமதி அட்டை வைத்திருப்பவர். கடைத்தெருவில் வாங்கிய ஒரு சின்னக் கருவி. இவரையே தடுக்க முடியாதவர்கள், நாளை உண்மையான எதிரி வந்தால் என்ன செய்வார்கள்?"

திடல் முழுக்கக் கைத்தட்டல். வாப்பா என் காதருகே குனிந்தார்.

"கல்யாணம்னு சொல்லலியே?"

"இருங்க வாப்பா. இப்ப சொல்லுவார்."

அவர் போக்குவரத்துக் கட்டணத்துக்குப் போனார், வீட்டு விலைக்குப் போனார், வணக்கம் சொல்லி இறங்கிவிட்டார். நான் கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு போய் மேடைக்குப் பின்னால் அவரைப் பிடித்தேன்.

"நான் பொய் எதுவும் சொல்லலியே சிஸ்டர். நீங்க சொன்னதத்தான் சொன்னேன்."

"கல்யாணத்த விட்டுட்டீங்களே சார். நீங்களே அங்க இருந்தீங்களே!"

"அதச் சொன்னா பாயிண்ட் போயிடும்" என்றார். ரொம்பப் பொறுமையாக, ஏதோ எனக்குத்தான் விளங்கவில்லை என்பது போலச் சொன்னார். அதற்குள் யாரோ செல்ஃபிக்குக் கூப்பிட, போய்விட்டார். அவர் முகத்தில் காறித் துப்பியிருக்க வேண்டும். பக்கத்தில் வாப்பா நின்றதால் விட்டேன்.

மறுநாள் பாய்மரக் கட்சி சும்மா இருக்குமா? 'ஆபத்து வெளியே மட்டும் இல்லை, உள்ளேயும் இருக்கிறது. அதைக் கண்டுபிடித்ததும் நாங்கள்தான்' என்றது. முஆத் தானாக டாக்சி பிடித்துப் போய்ச் சொன்னதைக் கண்டுபிடித்தார்களாம். உளவாளி இல்லை என்று ஷங்கர் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை. உள்ளே வேலை பார்க்கிறவன் என்றது மட்டும் எல்லார் காதிலும் ஏறியது. மத்தியானத்துக்குள் அவன் பெயர் போனுக்குப் போன் போய்க்கொண்டிருந்தது. சாயங்காலம் வேலையிடத்திலிருந்து தகவல் வந்தது, பாஸ் ரத்து.

அப்புறம் நான் கல்யாணத்துக்கு வந்தவர்களுக்கு ஒவ்வொருவராகப் போன் செய்தேன். என்னோடு ஸ்டேஷன் வரை வந்து, ஆமாம் நான் அங்கே இருந்தேன், அது கல்யாணத்தைத்தான் படம் எடுத்தது என்று சொன்னால் போதும் என்றேன். ஒருவருக்கு மகன் அரசாங்க வேலையில் இருந்தான். ஒருவர் நிரந்தரமாகத் தங்க பிஆர் விண்ணப்பம் போட்டிருந்தார். ஒருவர் "துஆ செய்றேம்மா" என்று பிரார்த்தனையோடு நிறுத்திக்கொண்டார். "உன் தம்பி தங்கமான புள்ள. ஆனா இப்ப நேரம் சரியில்ல" என்று எல்லாரும் சொன்னார்கள். தேர்தலுக்குப் பிறகு வருகிறேன் என்று சிலர் சொன்னார்கள். அவர்களும் ரத்னவேல் அண்ணன் மாதிரியே நல்லவர்கள்தான்.

வாக்களிப்புக்குக் கொஞ்சம் முன்னால் ரத்னவேல் அண்ணன் மறுபடி வந்தார். அவர்கள் வேட்பாளர் லிட்டில் இந்தியாவைச் சுற்றி வரும்போது கடைக்கும் வருவார், பாய் கூட நின்று ஒரு படம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்றார்.

"எதுக்கு?" என்றேன்.

"நம்ம ஆளுங்க எல்லாரும் ஒத்துமையா இருக்கோம்னு காட்டத்தான்மா. பாய்க்கும் நல்லது."

வாப்பா நின்றார். வேட்பாளர் வாப்பாவின் தோளில் கை போட்டார், கேமராக்கள் மினுக்கின. வாப்பா மெதுவாக, "சார், என் மகன்..." என்று ஆரம்பித்தார். "தைரியமா இருங்க அங்கிள்" என்று தோளைத் தட்டிவிட்டு அவர் பக்கத்துப் பூக்கடைக்கு நகர்ந்தார். அந்தப் படத்துக்குக் கீழே, தீவிரவாதத்துக்கு எதிராக உறுதியாக நிற்கும் சிறு வணிகர் என்று போட்டிருந்தார்கள். கல்யாணத்துக்கு எதிராகப் பெண்ணின் வாப்பாவே நிற்கிறார். இதற்கு மேல் என்ன சொல்வது?

அடுத்து கூலிங் ஆஃப் டே. யாரும் பிரசாரம் செய்யக்கூடாத நாள். தொலைக்காட்சியில் ட்ரோன் என்ற சொல்லே வரவில்லை. அந்த ஒரு நாள் ஆபத்து லீவு எடுத்துக்கொண்டது. மறுநாள் நாங்கள் மூவரும் வரிசையில் நின்று ஓட்டுப் போட்டோம். யாருக்கு என்று வாப்பா கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. பாய்மரக் கட்சி ஜெயித்தது. ஷங்கர் தோற்றாலும் அவர் கட்சிக்குச் சென்ற முறையைவிட ஓட்டுக் கூடியிருந்தது. இரண்டு பக்கமும் கேக் வெட்டினார்கள்.

அதன் பிறகுதான் அந்த அறிக்கை வந்தது. பத்திரிகையின் உள்பக்கத்தில், சின்னதாக. குடும்ப நிகழ்ச்சியைப் படமெடுத்த ட்ரோன், பாதுகாப்பு அச்சுறுத்தலுக்கும் இதற்கும் தொடர்பில்லை, சம்பந்தப்பட்டவர் மீது அனுமதியின்றிப் பறக்கவிட்டதற்காக மட்டும் நடவடிக்கை. நாங்கள் எதிர்பார்த்துக் கிடந்த வாக்கியம். உம்மா அதைப் படித்துவிட்டு, நெற்றி தரையில் பட சஜ்தாவில் விழுந்தார். முஆத்தை வீட்டுக்கு விட்டார்கள். ரத்னவேல் அண்ணன் ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு வந்தார், தான் சொன்னபடியே நடந்துவிட்டதாக அவருக்கு ஒரு நிம்மதி. உம்மா பழத்தை வாங்கிக்கொண்டார். நான் அறையை விட்டு வெளியே வரவில்லை.

ஆனால் அந்த வாக்கியத்தை நம்ப ஆளில்லை. தேர்தல் முடிந்ததும் மூடி மறைத்துவிட்டார்கள் என்று போனில் எழுதினார்கள். எதை மறைக்கிறீர்கள் என்று ஷங்கரே அறிக்கை விட்டார். கடைக்கு வழக்கமாக வரும் மங்களம் அக்கா, புடவையைப் புரட்டிக்கொண்டே, "அப்படித்தான் சொல்லணும்னு சொல்லிட்டாங்களா பாய்?" என்று வாப்பாவிடம் கேட்டார். கேலி இல்லை, இரக்கத்தோடுதான் கேட்டார். வாப்பா, "இந்தக் கலர் வெளுக்காது, எடுத்துக்குங்க" என்றார்.

முஆத் இளைத்துப்போய் வந்திருந்தான். அடித்தார்களா என்று உம்மா சட்டையைத் தூக்கிப் பார்த்தார். அடிக்கவில்லை. நல்ல சாப்பாடு கொடுத்தார்கள், கேள்வி மட்டும் கேட்டார்கள் என்றான். திரும்பத் திரும்ப அதே கேள்விகள். பாஸ் இனிக் கிடைக்காது என்றோம். சரி என்றான். வாப்பா கடைக்கு வந்து உட்காரு என்றார். சரி என்றான். முன்பெல்லாம் சாதாரண ரசத்துக்கே உம்மாவோடு மல்லுக்கு நிற்பவன், எதை வைத்தாலும் சாப்பிட்டான்.

ஒரு சாயங்காலம் அவன் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அஃப்னாவின் மாமியார் போன் செய்தார். உம்மா கையில் மாவு, ஸ்பீக்கரில் போட்டார்.

"சம்சு, கேக்கறேன்னு தப்பா எடுத்துக்காதே. நம்ம தலைக்கு மேல பறந்தது சின்னதுல்ல? அங்க விழுந்தது பெருசுங்கறாங்களே. ரெண்டும் ஒண்ணுதானா? எதுக்கும் தம்பிகிட்ட நல்லா ஒருவாட்டி கேட்டுப் பாரு. நம்ம ஸைஃபும் அந்தப் பொண்ணும் நாளைக்குப் புள்ளகுட்டியோட இருக்கணும்ல."

"நீங்கதானே வேணும்னு கேட்டீங்க? நீங்கதானே பார்த்தீங்க?" என்றார் உம்மா.

"பார்த்தேன். வெயில்ல கண்ணு கூசிச்சு. என்னத்தக் கண்டேன் போ."

நான் பாய்ந்து போனை அணைத்தேன். அறுநூறு பேரும் பயந்தார்கள், சரி. கேட்டு வாங்கிய மகராசியே இப்போது பார்க்கவில்லையாம். நான் கத்தின கத்தலில் பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது.

முஆத் நிமிர்ந்து பார்த்தான். "ஏன் ராத்தா சத்தம் போடறே? அவங்க கேக்கறது நியாயந்தானே. மரத்தத் தாண்டினதுக்கப்புறம் நானும்தான் பார்க்கல. ரெண்டு இருந்திருந்தாலும் இருந்திருக்கும்."

"என்னடா பேசறே? நீதானேடா ஓட்டினே?"

"ஓட்டினேன்தான்."

"அப்ப சொல்லு. அது கல்யாணக் கேமராதானே?"

அவன் என் முகத்தைக் கவனமாகப் பார்த்தான். எந்தப் பதில் சொன்னால் நான் கேட்பதை நிறுத்துவேன் என்று தேடுகிற பார்வை அது. அப்படி ஒரு பார்வை அவனிடம் முன்பு இருந்ததில்லை.

"ஆமா ராத்தா" என்றான். "நீங்க எப்படிச் சொல்றீங்களோ, அப்படியே."

என் தம்பி பிறந்ததிலிருந்து என்னை நீ என்றுதான் கூப்பிட்டிருக்கிறான்.